வாக்கீசம்மா கடை ஷெர்ரி

பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். புது மெஷின் பார்க்க ஸ்பெயின் தேசத்துக்குப் போகிறாராம். காப்பி குடித்து முடித்தவர், சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏனுங்க, அங்க ஷெர்ரின்னு ஒரு ஒயின் பேர் போனதாமுங்களே? எதை வாங்கறதுன்னு உங்களைக் கேட்டாத்தான் தெரியும்னு சொல்றாங்க."

சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் காப்பிக் கொட்டை வியாபாரியாக மட்டுமே அறிந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இந்த மாகாணத்திலேயே மதுவிலக்கு முதன்முதலாக வந்த ஜில்லா எங்கள் சேலம். அதே சேலத்தில் ஒயின் வாங்குவதையே உத்தியோகமாகக் கொண்டு வெகுகாலம் பிழைத்தவன் நான். நண்பருக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். கடலைக்காடும் சோளக்காடும் உள்ள குடும்பம். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு சேலத்தில் வேலை தேடி அலைந்தபோது, அஸ்தம்பட்டி போகிற சாலையில் இருந்த 'வாட்கின்ஸ் ஸ்டோர்' என்னைச் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும், சுரங்கக் கம்பெனிக்காரர்களும், ஏற்காட்டுத் தோட்டத் துரைகளும்தான் வாடிக்கை. முன்பக்கம் தகரத்தில் அடைத்த வெண்ணெய், பிஸ்கட், மெழுகுவர்த்தி. பின்பக்கம், தடித்த சுவரும் சின்ன ஜன்னலும் கொண்ட இருட்டறையில் ஒயின்.

கடை முதலாளி மிஸஸ் வாட்கின்ஸ். ஆங்கிலோ இந்தியர், சூரமங்கலம் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா ரயிலில் கார்டு. கணவர் ஆரம்பித்த கடையை, அவர் காலமான பிறகு தனியாகவே நடத்தி வந்தார். வண்டிக்காரர்களுக்கு 'வாட்கின்ஸ்' என்பது வாயில் நுழையவில்லை. 'வாக்கீசம்மா' என்றார்கள். நாளாவட்டத்தில் ஊர் முழுக்க அதுவே பெயராகிவிட்டது. ஏதோ கோயில் அம்மன் பெயர்போல இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கும் அதில் ஒரு ரகசியப் பெருமை.

வாக்கீசம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் துணியை எடுத்துக்கொண்டு பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எத்தனை பாட்டில் துடைக்கிறார் என்பதைப் பார்த்துக் கோபத்தின் அளவை நாங்கள் தெரிந்துகொள்வோம். வெயிலோ மழையோ தொப்பியில்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். ரயில்வே காலனித் தமிழ்தான் பேசுவார். ஆனால் அதில் ஒரு சொல் வீணாகப் போகாது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பெட்டி உடைத்தேன், பிறகு பாட்டில் கழுவினேன், அதன் பிறகு ரயிலடிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்தேன். ஒரு நாள் மதராஸிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கும்போதே, உள்ளே ஒரு பாட்டில் கசிந்து புளித்துவிட்டது என்று சொன்னேன். கடலை மூட்டையைப் பிரிக்காமலே அதில் பூசணம் பிடித்திருப்பதைச் சொல்வது எங்கள் ஊர்க் களத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அம்மாள் என்னை இருட்டறைக்குக் கூட்டிப்போய் ஒரு கிளாஸை நீட்டினார். முகர்ந்துவிட்டு நல்ல வாசம் என்றேன்.

"நல்ல வாசம்னா எந்த வாசம்?" என்றார். "பூவா, புண்ணாக்கா? பேர் சொல்லு."

அன்றிலிருந்து எனக்குப் பாடம் அதுதான். எந்த ஒயினுக்கும் 'நல்லது', 'உசத்தி' என்றெல்லாம் சொல்லக் கூடாது. அது எந்தப் பொருள்போல மணக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தப் பொருள் எங்கள் வீட்டிலோ காட்டிலோ இருப்பதாக இருந்தால் போதும். நான் 'வறுத்த கொள்ளு' என்பேன், 'கொப்பரை' என்பேன், 'மழை பெய்த சுண்ணாம்புச் சுவர்' என்பேன். அவர் அதைத் துரைமார்களுக்குத் தகுந்த இங்கிலீஷில் மாற்றிக்கொள்வார். அவருடைய மூக்கு அந்த நாளில் என்னுடையதைவிடக் கூர்மை. நான் கொள்ளு என்று சொன்னால், கருகிய கொள்ளா கருகாத கொள்ளா என்று கேட்பார்.

அப்புறம் ஒரு வருஷம் அவருக்குக் கடுமையான விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்து கடைக்கு வந்த முதல் நாள், வாசலில் பினாயில் ஜாடி உடைந்து தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். அம்மாள் அதன்மேலேயே நடந்து வந்து, தரையில் ஏன் தண்ணீர் என்று கேட்டார். கேட்ட பிறகு எங்கள் கைகளையும் மூக்கையும் பார்த்தார். உள்ளே போனார். சற்று நேரத்தில் என்னை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"செங்கோட், எனக்கு மூக்கு போயிடுச்சு" என்றார். என் பெயர் செங்கோடன். அவர் கடைசி எழுத்துகளைச் சாப்பிட்டுவிடுவார். "டாக்டர் திரும்பி வரலாம்னு சொல்றான். வராதுன்னு எனக்குத் தெரியுது. ஏற்காடு கிளப்புக்காரங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கே மதராஸ் கம்பெனிக்கு ஆர்டர் போயிடும்."

அதன் பிறகு கடையில் ஒரு நாடகம் நடக்க ஆரம்பித்தது. துரை வந்து உட்கார்ந்ததும் நான் பாட்டிலைத் திறந்து ஊற்றுவேன். ஊற்றும்போதே முகர்ந்துவிட்டுத் தமிழில் இரண்டு சொல் சொல்வேன். அம்மாள் கிளாஸைத் தூக்கி, கண்ணை மூடி, நான் சொன்னதையே இங்கிலீஷில் அழகாகச் சொல்வார். நான் அவரிடம் ஐஸ் வேண்டுமா என்று கேட்பதாகவே துரைமார்கள் நினைத்திருந்தார்கள்.

நாடகம் நன்றாக நடந்தது, சரக்குத்தான் மோசமாகிக்கொண்டே வந்தது. மதராஸ் இறக்குமதிக்காரர்கள் நல்ல ஷெர்ரியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு கலப்புச் சரக்கை எங்களுக்கு அனுப்பினார்கள். ஏற்காடு கிளப் செக்ரட்டரி ஒரு நாள் நேரில் வந்து, அடுத்த சீசனுக்குள் வெளிறிய, இனிப்பில்லாத, அசல் ஷெர்ரி வராவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கிளப் போனால் தோட்டங்களும் போகும். தோட்டங்கள் போனால் பிஸ்கட்டும் மெழுகுவர்த்தியும் விற்றுக் கடை நடத்த முடியாது. அன்று அம்மாள் ஒரு அலமாரி முழுக்கத் துடைத்தார். துடைத்து முடித்ததும், "நாமளே ஸ்பெயின் போய் வாங்கிட்டு வருவோம்" என்றார்.

அந்த 'நாம'வில் நானும் அடக்கம் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

ஊரில் பெரியப்பா, கடல் தாண்டினால் பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள் என்றார். என் மனைவி பாவாயி அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் கேட்டது வேறு. "குடிக்கறதுக்கா போறீங்க?" என்றாள். குடிக்க இல்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப என்று விளக்கினேன். "துப்பறதுக்கு எதுக்குங்க கப்பலேறோணும்?" என்றாள். ஆனாலும் வழிக்கு முறுக்கும் எள்ளுருண்டையும் செய்து கொடுத்தாள்.

கொழும்பில் கப்பலேறினோம். ஜிப்ரால்டரில் இறங்கி, ஒரு சின்னக் கப்பலில் காதிஸ் துறைமுகம் போய், அங்கிருந்து ரயிலில் ஜெரெஸ். ஷெர்ரி என்ற பெயரே அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். ரயிலை விட்டு இறங்கியதும் எனக்குச் சேலம் ஜங்ஷனில் இறங்கியதுபோல இருந்தது. அதே வெயில், அதே வெள்ளை மண், நிழலில் படுத்திருக்கும் அதே கழுதை. ஊர் மட்டும் முழுக்க முழுக்க மணந்தது. ஒவ்வொரு தெருவிலும் கிடங்கு. ஒவ்வொரு கிடங்கின் ஜன்னல் வழியாகவும் ஊறிய மரமும் ஒயினும் கலந்து மூச்சு விட்டன. அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மணக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நாங்கள் போன கிடங்கு டான் எமிலியோ என்ற முதியவருடையது. இங்கிலாந்தில் படித்தவர், நல்ல இங்கிலீஷ் பேசினார். புடைத்த மூக்கு, வெள்ளை மீசை, கையில் எப்போதும் பீப்பாயில் குறி போட ஒரு சாக்குக்கட்டி. தொப்பி போட்ட ஒரு அம்மாளும் கோட்டும் வேட்டியுமாக ஒரு ஆளும் வந்து நின்றதைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஷெர்ரி வாங்குகிற முறையை அங்கேதான் முழுமையாகப் பார்த்தேன். கிடங்கு கோபுரம்போல உயரம். தரையில் மஞ்சள் மணல் கொட்டித் தண்ணீர் தெளித்திருப்பார்கள், சூடு தெரியாமல் இருக்க. கரிய பீப்பாய்கள் வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக. அடிவரிசையில் இருப்பது பழசு. அதிலிருந்து கொஞ்சம் எடுத்தால் மேல்வரிசையிலிருந்து இறக்கி நிரப்புவார்கள். அதனால் ஒரு பாட்டில் ஷெர்ரிக்கு ஒரே வயது என்று கிடையாது, கூட்டுக்குடும்பம் மாதிரி எல்லா வயதும் உள்ளே இருக்கும். கிடங்கு மேஸ்திரி நீளமான வளையும் காம்பின் நுனியில் சின்ன வெள்ளிக் குவளை கட்டிய ஒரு கரண்டியைப் பீப்பாய்க்குள் விட்டு எடுப்பார். எடுத்ததைத் தலைக்கு மேலிருந்து, இன்னொரு கையில் இருக்கும் ஒடுங்கிய கிளாஸுக்குள் கம்பிபோல ஊற்றுவார். ஒரு துளி வெளியே போகாது.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. காம்பின் அடியைத்தான் பிடிக்க வேண்டும். கைச்சூடு பட்டால் வாசம் மாறும். முதலில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறகு கிளாஸை ஆட்டாமல் ஒரு முறை, ஆட்டி ஒரு முறை முகர வேண்டும். அப்புறம்தான் வாயில் வைப்பது. வாயில் சுழற்றி மணலில் துப்பிவிட்டு, மிச்சத்தையும் மணலிலேயே வீச வேண்டும். அவ்வளவு விலையுயர்ந்த சரக்கைத் தரையில் வீச முதல் நாள் எனக்குக் கை வரவில்லை.

ஃபினோ என்ற வெளிறிய ரகத்தின் பீப்பாயைத் திறந்து காட்டியபோது நான் ஒரு அடி பின்வாங்கினேன். ஒயின் மேல் வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் அப்படிப் பூத்தால் ஜாடியோடு குப்பைக்குப் போகும். இங்கே அதுதான் காப்பு என்று மேஸ்திரி சைகையில் சொன்னார். முகர்ந்தேன். அப்போதுதான் உரித்த பச்சைக் கடலை. புளித்து எழும்பிய மாவு. அதன் அடியில் எங்கோ ஒரு உப்புக் காற்று. இவ்வளவு சுத்தமான ஒரு வாசத்தை அதற்கு முன் நான் முகர்ந்ததில்லை. அம்மாளிடம் அப்படியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதான்" என்றார். "கல்யாணமான புதுசுல கொழும்புல ஒரு கப்பல் கேப்டன் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில் கொடுத்தான். அதே வாசம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதைத்தான் வாங்கறோம்."

கிளப் கேட்டதும் அதுதான். வெளிறியது, இனிப்பில்லாதது. ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த கிடங்கில், ஆடைக்கு அடியில், அசையாமல் இருக்கும்போது இது இப்படி மணக்கிறது. செங்கடல் தாண்டி, மதராஸ் வெயிலில் கிடந்து, கூட்ஸ் வண்டியில் குலுங்கிச் சேலம் வரும்போது எப்படி மணக்கும்? தங்கியிருந்த ஓட்டலின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. நாங்கள் ருசி பார்த்த ஒவ்வொரு ரகத்திலும் ஒரு சின்னப் பாட்டில் கேட்டு வாங்கி, அந்தத் தகரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. அம்மாளுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்கிடையில்தான் அந்த விருந்து வந்தது. டான் எமிலியோ எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அம்மாளுக்கு மேஜையில் இடம். நான் மேஸ்திரியோடு, திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் உட்கார்ந்து, எனக்காகச் செய்திருந்த முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேஜையில் இன்னொரு விருந்தாளி, லண்டன் கம்பெனி ஒன்றின் ஏஜண்டு. எங்களுக்குக் கலப்புச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த மதராஸ்காரர்களுக்குச் சரக்கு கொடுப்பவரே அவர்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் மூன்று கிளாஸ்களில் பழுப்பு ஷெர்ரி ஊற்றி அம்மாள் முன்னால் வைத்தார். இதில் எது மிகப் பழையது என்று விருந்தாளி சொல்ல வேண்டும். அந்த ஊரில் அது ஒரு மரியாதை; மதிக்காத ஆளிடம் கேட்க மாட்டார்கள்.

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். கதவு வழியாக அம்மாளின் முதுகும் தொப்பியும் மட்டும்தான் தெரிந்தன. நான் எழுந்து போய் எந்தச் சாக்கில் கிளாஸைத் தொடுவது? அவர் முதல் கிளாஸைத் தூக்கினார், வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார், வைத்தார். நிறத்தைப் பார்த்து ஏதாவது ஒன்றைக் காட்டிவிடலாம். பத்துக் கடைக்காரர்களில் ஒன்பது பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். மூன்றாவது கிளாஸை அவர் தொடவே இல்லை. இங்கிலீஷில், சாதாரணமாக, ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்:

"காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசமே தெரிவதில்லை. என் கடைக்கு முகர்ந்து வாங்குகிறவன் வெளியே உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறான். அவனைக் கேளுங்கள்."

ஏஜண்டு கையில் இருந்த கத்தி தட்டில் உராயும் சத்தம் கேட்டது. டான் எமிலியோ எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மூன்றையும் முகர்ந்தேன். ஒன்று மற்ற இரண்டைவிட இளசு என்று பிடிபட்டது. அதில் வெல்லமும் திராட்சையும் முன்னால் வந்தன. மற்ற இரண்டிலும் பழைய சந்தனப்பெட்டி, வறுத்த கடலை, ஒரு கீற்று மருந்து வாசம். எது பழசு? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மேஜைத் துணியின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார்.

பெரியவர் மூன்று கிளாஸ்களையும் காலி செய்யச் சொல்லி, கழுவாமல் அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாளைக் காலையில் வந்து முகர்ந்து சொல் என்றார். காலையில் போனோம். இளசு இருந்த கிளாஸில் வெறும் கண்ணாடி வாசம். மற்ற இரண்டும் காலியாக இருந்தும் நேற்றைப்போலவே மணந்தன. மெய்யாகவே பழைய ஒயின் காலி கிளாஸில் இரவு முழுக்கத் தங்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் இரண்டில் எது பழசு என்று அப்போதும் பிடிபடவில்லை. அதையும் சொன்னேன்.

டான் எமிலியோ மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். இரண்டும் ஒரே பீப்பாயில் எடுத்ததாம். விருந்தாளிகள் எல்லோரும் ஏதாவது ஒன்றைத்தான் காட்டுவார்களாம். அவர் அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மேஸ்திரி எங்களுக்குத் திறந்து காட்டிய பீப்பாய்கள் வேறு; அதற்கு முன் காட்டியவை வேறு.

சண்டை அதன் பிறகுதான் வந்தது. மொட்டை மாடிப் பாட்டில்களை இறக்கித் திறந்தேன். பழுப்பு ரகங்களான அமோன்டிலாடோவும் ஒலோரோசோவும் வெயிலை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஃபினோ செத்துக் கிடந்தது. பச்சைக் கடலையைக் காணோம். நறுக்கி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிளும், பழைய கடலை மாவும்தான் மிச்சம். அம்மாளிடம் சொன்னேன்.

"உனக்கு அந்த வாசம் பழக்கமில்லை" என்றார். "எனக்கு ஞாபகம் இருக்கு."

"நீங்க மோந்தது கொழும்புலங்கம்மா. கப்பல்ல ஐஸ் ரூம்ல வச்சு வந்திருக்கும். நாம பீப்பாயில கொண்டு போறமுங்க."

ஓட்டல் அலமாரியில் துடைக்கப் பாட்டில் இல்லாததால் அம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. கிளப் கேட்டது இது. அவர் வாழ்க்கையில் ஞாபகம் வைத்திருந்த வாசம் இது. இது கெட்டுவிட்டது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி நான். தன்னால் சரிபார்க்கவே முடியாத ஒரு சாட்சியை நம்பி அவர் வியாபாரத்தை மாற்ற வேண்டும்.

மறுநாள் கிடங்குக்குப் போனதும், ஃபினோவில் ஒரு பீப்பாய் என்று ஆர்டர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. டான் எமிலியோதான் திறந்தார். விற்க மாட்டேன் என்றார். அம்மாள் விலையை ஏற்றினார். பெரியவர் முடியாது என்று தலையசைத்தார். ஏடனுக்கு முன்பே அது செத்துவிடும். செத்ததை என் பெயரில் உங்கள் கிளப்பில் ஊற்றுவீர்கள். அதற்கு நான் இங்கேயே மணலில் ஊற்றிவிடுவேன் என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, இதெல்லாம் உங்கள் ஆளுக்குத் தெரிந்திருக்குமே என்றார்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "மாடியில வச்ச பாட்டில் எப்படின்னு சொன்னே?"

"செத்துப்போச்சுங்கம்மா."

"சரி" என்றார். அவ்வளவுதான். அமோன்டிலாடோவும் ஒலோரோசோவும் பீப்பாய்க் கணக்கில் வாங்கினோம். உலர்ந்த திராட்சையைப் பிழிந்து செய்த கறுத்த இனிப்பு ரகம் ஒரு சின்னப் பீப்பாய். எங்கள் ஊர் எள்ளுப்பாகு வாசம் அதற்கு. மலாகா என்ற இனிப்பு ஒயினும், வடக்கே ரியோஹா என்ற பிரதேசத்திலிருந்து ஜெரெஸுக்கு வந்திருந்த சிவப்பு ஒயினும் பெட்டிக் கணக்கில். அந்தச் சிவப்பைப் புது அமெரிக்க மரப்பீப்பாயில் வைப்பார்களாம், திறந்தால் கொப்பரை மணக்கும். ஒவ்வொரு பீப்பாயிலும் எங்கள் கண் முன்னாலேயே தகரம் அடித்து முத்திரை போட்டார்கள். அதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்பதில் அம்மாள் பிடிவாதமாக இருந்தார்.

கிளம்பும் நாளில் பெரியவர் ஆறு பாட்டில் ஃபினோவைக் கப்பலில் குடிக்கக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அம்மாள் டெக்கில் உட்கார்ந்து சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் குடிப்பார். நான் முதலில் முகர்ந்து சொல்ல வேண்டும். ஜிப்ரால்டரை விட்ட அன்று, பச்சைக் கடலை என்றேன். மால்ட்டா தாண்டியதும், கடலை கொஞ்சம் காய்ந்திருக்கிறது என்றேன். சூயஸ் கால்வாய்க்குள் நுழைந்தபோது கடைசிப் பாட்டிலைத் திறந்தேன். என்ன சொல்வதென்று யோசித்தேன்.

"பேர் சொல்லு" என்றார்.

கறுத்த ஆப்பிள் என்றேன். அம்மாள் அந்தக் கிளாஸை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கக் குடித்தார். பிறகு, "அந்தக் கேப்டன் கொடுத்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்போல. எனக்கு அப்ப வயசு இருபது, எது கொடுத்தாலும் மணந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் சேலம் வந்து சேருமுன்பே லண்டன் ஏஜண்டு சொன்ன கதை மதராஸ் வழியாக ஏற்காட்டுக்கு ஏறிவிட்டது. கிளப் செக்ரட்டரி வந்து, மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டது நிஜமா என்றார். நிஜம் என்றார் அம்மாள். செக்ரட்டரி தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் பல மாதம் திரும்பவில்லை. கஷ்டமான மாதங்கள். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் எங்கள் அமோன்டிலாடோவைக் குடித்துவிட்டு அதைப் பற்றிக் கிளப்பில் ஓயாமல் பேசியதால்தான் அவர் மறுபடி மலையிறங்கினார். அதன் பிறகு வந்தவர்கள் அம்மாளைக் கேட்பதில்லை. 'மூக்குக் கவுண்டர் எங்கே' என்று கேட்டார்கள். நாடகம் முடிந்ததில் எங்கள் இருவருக்கும் ஒரு நிம்மதி.

சில நல்ல வருஷங்கள் ஓடின. பிறகு மதுவிலக்கு வந்தது. வருகிறது என்று முன்பே தெரிந்ததால் சரக்கில் பெரும்பகுதியைக் குன்னூர் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். திறந்து பாதி விற்ற ஒரு ஒலோரோசோ பீப்பாய் மட்டும் நின்றது. திறந்த பீப்பாயை ரயிலில் ஏற்ற முடியாது. கெடு நாளன்று இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர். அவர் முன்னிலையில் பீப்பாயைச் சாய்த்துச் சாக்கடையில் ஊற்றினோம். அஸ்தம்பட்டிச் சாலை முழுக்க மணந்தது. போகிற வண்டிகள் நின்றன. ஒரு பெரியவர், யார் வீட்டில் பாகு காய்ச்சுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். அம்மாள் வாசலில் தொப்பியோடு நின்று கடைசிச் சொட்டு வரை பார்த்தார்.

தெருவில் பாதிப்பேருக்கு அது நல்ல நாள். சம்பளம் வீட்டுக்கு ஒழுங்காக வருகிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதற்காக நான் வருத்தப்பட முடியாது. ஆனால் எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மாளுக்கு லண்டனில் ஒரு மகள்; தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அவர் போகவில்லை. நம்மிடம் ஷெர்ரி வாங்கிய துரைகள் எல்லோரும் காப்பி விளைவிக்கிறவர்கள்தானே என்றார். இத்தனை காலம் அவர்களுக்கு விற்றோம், இனி அவர்களிடம் வாங்குவோம். ஒயின் அறைக்குக் காப்பிக் கொட்டைச் சாக்குகள் வந்தன. பத்திரம் எழுதும்போது என்னைக் கூட்டாளியாகச் சேர்த்தார். பாவாயி அதைக் கேட்டுவிட்டு, காப்பியாவது முழுங்குவீங்களா என்று மட்டும் கேட்டாள்.

பள்ளிபாளையத்து நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஃபினோவை அந்த ஊரிலேயே, கூட்டம் நிறைய வந்து போகிற கடையில், குளிரக் குளிரக் குடித்துவிடுங்கள், பெட்டியில் வைத்துத் தூக்கி அலையாதீர்கள். ஜன்னலில் வெயில் படும்படி அடுக்கிய பாட்டிலைத் தொடாதீர்கள். வழியில் வேறு ஊர் நண்பர்களுக்குக் கொடுப்பதானால் ஒலோரோசோ. விலையைப் பார்த்து மயங்காமல், காலி கிளாஸைக் காலையில் முகர்ந்து பாருங்கள். இங்கே மட்டும் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். சுங்கத்தில் பிடிபட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

காப்பிக் கடையின் முதல் சீசன் மட்டும் சொல்லாமல் நின்றுவிட்டது. ஏற்காட்டிலிருந்து ஒரு தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர், துரை அனுப்பிய மாதிரிக் கொட்டையைத் துணிப்பையில் கொண்டுவந்தார். நாமக்கல் பக்கத்துக்காரரான அவர், பெரிய கடை, வெள்ளைக்கார முதலாளி என்ற பயத்தோடு பையை அவிழ்த்து, ஒரு கைப்பிடி அள்ளி வாக்கீசம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்கம்மா, மொதல் பறிப்புங்க."

அம்மாள் குனியவில்லை. நான் அவரிடம் சேர்ந்த நாளிலிருந்து நான் அவருக்கு 'நீ'. மற்றவர்களிடம் பேசும்போது 'அவன்'. ஜெரெஸில் அந்த மேஜையிலும் 'அவனை'த்தான் கேட்கச் சொன்னார். இங்கிலீஷில் அது தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும்.

"என்கிட்ட நீட்டாதீங்க, எனக்கு மூக்கு கிடையாது" என்றார் ரைட்டரிடம். "எங்க கூட்டாளியைக் கேளுங்க. அவர் சொல்றதுதான் விலை."

ரைட்டர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நான் குனிந்து முகர்ந்தேன். கொட்டை நல்ல கொட்டைதான், ஆனால் களத்தில் அவசரப்பட்டு அள்ளியிருந்தார்கள். உள்ளே ஈரச்சாக்கு வாசம் இருந்தது. இன்னும் காய வேண்டும், காய வைத்துக் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.